புகையிலைப் புராணமும் பெசுட் கெண்டியும்

புகையிலைக்கு ஒரு புராணம் இருக்கிறது. சிவன், திருமால், பிரமன் மூவருக்கும் இடையே ஒரு வழக்கு. தேவர் சபைக்குப் போகிறார்கள். சபையோர் ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து, இதைப் பத்திரமாக வைத்திருந்து இன்னொரு நாள் கொண்டு வாருங்கள், அப்போது தீர்ப்புச் சொல்கிறோம் என்று அனுப்பிவிடுகிறார்கள். சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, பிரமனுக்குப் புகையிலை. குறித்த நாள் வருகிறது. சிவனின் வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரமன் மட்டும் விவரமான ஆள். தன் நாவில் குடியிருக்கும் சரஸ்வதியிடம் இலையைக் கொடுத்து வைத்திருந்தான். சபையில் எடுத்து நீட்டினான். மற்றவர்கள் இலை போயிற்று, என் இலை போகையிலை என்றான். போகவில்லை என்று அர்த்தம். வழக்கில் ஜெயித்தான். போகையிலை புகையிலை ஆனது. பிரமபத்திரம் என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது.

இதைச் சொல்வது 'புகையிலை விடு தூது' என்னும் சிற்றிலக்கியம். பாடியவர் சீனிச்சர்க்கரைப் புலவர். பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். சங்க ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அதே ஐயர்தான் இந்தப் பொடிநூலையும் அக்கறையோடு அச்சில் ஏற்றினார்.

தூது என்பது நம்முடைய பழைய இலக்கிய வகை. காதல் கொண்ட தலைவி கிளியையோ அன்னத்தையோ மேகத்தையோ தலைவனிடம் அனுப்புவாள். தூது போகிற பொருளை முதலில் புகழ வேண்டும். அதன் பிறப்பையும் பெருமையையும் சொல்ல வேண்டும். பிறகு தலைவனின் ஊரையும் சிறப்பையும் சொல்லி, அவனிடமிருந்து மாலை வாங்கிவரச் சொல்ல வேண்டும். சீனிச்சர்க்கரைப் புலவரின் நூலில் பாட்டுடைத் தலைவன் பழனி முருகன். அவனிடம் தூது போவது புகையிலை. யாப்பு முறைப்படி கலிவெண்பா. இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிளி நிற்க வேண்டிய இடத்தில் புகையிலை நிற்கிறது, அவ்வளவுதான்.

புகையிலை இந்த மண்ணின் செடியே அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் ஏறி இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. வேதத்திலும் இல்லை, சங்கப் பாடல்களிலும் இல்லை. நேற்று வந்த செடிக்குத் தேவலோகத்தில் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார் புலவர். கேட்பவர்களும் வாயில் அதே இலையை அதக்கிக்கொண்டு, பொய் என்று தெரிந்தே ரசிக்கிறார்கள்.

இதில் கிண்டல் செய்யப்படுவது யார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முருகன் இல்லை. அவன் பெருமை நூலில் கடைசிவரை குறையவில்லை. புகையிலையும் இல்லை. அதைப் புலவர் உண்மையாகவே நேசிக்கிறார். கிண்டல் செய்யப்படுவது ஒரு முறை. ஒரு சொல்லை எடுத்து, அதன் ஒலியைக் கொஞ்சம் வளைத்து, அந்த வளைவுக்கு ஏற்றபடி ஒரு தேவலோகச் சம்பவத்தைத் தயார் செய்யும் முறை. நம்முடைய தலபுராணங்களில் பாதிக்கு மேல் ஊர்ப் பெயர்க் காரணங்கள் இப்படித்தான் வந்தவை. ‘புராணம் இப்படித்தாம்பா தயாராகுது’ என்று சமையலறைக் கதவைத் திறந்து காட்டுகிறார் புலவர். காட்டிவிட்டு, அதே அடுப்பில் சமைத்த சோற்றை முருகனுக்குப் படைக்கிறார்.

அன்றாடப் பொருள் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு வேதம், ஒரு சடங்கு, ஒரு சொர்க்கம் எல்லாம் கட்டிக் கொடுக்கும் இந்த விளையாட்டைக் கேலி மதம் என்று சொல்லலாம். மேற்கில் கடந்த எழுபது ஆண்டுகளில் இதற்கு ஒரு பெரிய வரலாறே உருவாகியிருக்கிறது. ஆனால் அங்கே அது பக்திக்குள் நடக்கும் விளையாட்டாக இல்லாமல் வாதமாக ஆரம்பித்தது.

1952இல் 'இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை, கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியைக் கொடுத்து பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் கட்டுரை கேட்டது. அவர் எழுதிக் கொடுத்தார். பத்திரிகை வெளியிடவில்லை. அந்தக் கட்டுரையில்தான் புகழ்பெற்ற தேநீர்க் கெண்டி வருகிறது. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு பீங்கான் கெண்டி சூரியனைச் சுற்றிவருகிறது, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத அளவுக்குச் சின்னது என்று நான் சொன்னால், அதைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததால் நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று நான் அதட்டினால் சிரிப்பீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு சொல்கிறவனுக்கே என்பது ரஸ்ஸலின் வாதம்.

பலரும் மேற்கோள் காட்டுவது இதுவரைக்கும்தான். எனக்கு அதற்கு அடுத்த பகுதி முக்கியம். இதே கெண்டி பழைய நூல்களில் எழுதப்பட்டு, வாராவாரம் புனித உண்மையாகப் போதிக்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றப்பட்டிருந்தால், அதைச் சந்தேகிப்பவன்தான் கிறுக்கன் ஆகியிருப்பான் என்கிறார் ரஸ்ஸல். இந்தக் காலமாக இருந்தால் அவனை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள், முந்தைய காலமாக இருந்தால் மத விசாரணை அதிகாரியிடம் அனுப்புவார்கள். ஆக, ஒரு கெண்டி வேடிக்கையா வேதமா என்பதை முடிவு செய்வது கெண்டி இல்லை. அதைச் சுற்றி நிற்கும் பள்ளிக்கூடம், புத்தகம், அதிகாரி ஆகியோரே முடிவு செய்கிறார்கள். இதை ஒரு கற்பனையாகத்தான் அவர் எழுதினார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2005இல், உலகின் இரண்டு மூலைகளில் அது நடந்தது.

முதல் மூலை அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம். பள்ளி அறிவியல் பாடத்தில் டார்வினின் பரிணாமக் கொள்கையோடு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அங்கே மாநிலக் கல்வி வாரியத்தில் சிலர் முயன்றார்கள். உயிர்களின் நுட்பத்தைப் பார்த்தால் அவற்றை ஓர் அறிவு வடிவமைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. அந்த அறிவு யாருடையது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் அரசுப் பள்ளியில் மதம் போதிக்கக் கூடாது என்ற அரசியலமைப்பு விதி குறுக்கே வரும்.

பாபி ஹெண்டர்சன் என்ற இளம் இயற்பியல் பட்டதாரி வாரியத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வடிவமைத்தவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை அல்லவா, நான் சொல்கிறேன். அவர் பறக்கும் ஸ்பகெட்டி பூதம். ஒரு தட்டு மீ, இரண்டு இறைச்சி உருண்டை, மேலே இரண்டு கண். விஞ்ஞானிகள் பழம்பொருட்களின் வயதை அளக்கும்போதெல்லாம் அவர் தன் மீ விரல்களால் அளவுகளை மாற்றிவிடுகிறார், அதனால்தான் பூமி பழையதுபோலத் தெரிகிறது. உலகம் சூடாவதற்குக் காரணம் கடற்கொள்ளையர்கள் குறைந்துபோனதுதான், வேண்டுமானால் வரைபடம் தருகிறேன். ஆகவே பாட நேரத்தை மூன்றாகப் பிரித்து, அவர்கள் கொள்கைக்கு ஒன்று, என் கொள்கைக்கு ஒன்று, ஆதாரத்தின் அடிப்படையிலான அறிவியலுக்கு ஒன்று என்று கொடுங்கள்.

கடிதம் முழுக்க மரியாதையான நடை. ஒரு இடத்தில்கூட சிரிப்புக் காட்டமாட்டார். சீனிச்சர்க்கரைப் புலவர் தூதின் இலக்கணத்தைப் பிசகாமல் வைத்துக்கொண்டது போல, ஹெண்டர்சன் மனுவின் இலக்கணத்தைப் பிசகாமல் வைத்துக்கொண்டார். கேலி மதத்தின் தொழில்நுட்பம் எங்கேயும் ஒன்றுதான். வடிவத்தில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பொருளை மட்டும் மாற்ற வேண்டும்.

கடிதம் இணையத்தில் தீயாகப் பரவியது. சில மாதங்களில் அதற்கு ஒரு மதத்துக்குரிய எல்லாம் முளைத்துவிட்டன. வெள்ளிக்கிழமை புனித நாள். சொர்க்கத்தில் பீர் எரிமலை. தொழுகை முடிவில் ஆமென் என்பதற்குப் பதிலாக ராமென். தலையில் வைக்கும் புனித அணி, மீயைக் கொதிநீரிலிருந்து எடுத்துத் தண்ணீர் இறக்குகிறோமே, அந்த ஓட்டை வடிகட்டி. 2006இல் வேதப் புத்தகமும் வந்துவிட்டது. கல்வி வாரியம் 2005 நவம்பரில் ஆறுக்கு நான்கு என்ற வாக்கில் புதிய பாடத்தரத்தை ஏற்றது. தேர்தலில் வாரியத்தின் முகம் மாறி, 2007 பிப்ரவரியில் அதே ஆறுக்கு நான்கு வாக்கில் அதைக் கைவிட்டது. நடுவில் 2005 டிசம்பரில், பென்சில்வேனியாவின் டோவர் ஊர் வழக்கில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீ பூதம்தான் இதையெல்லாம் சாதித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். ஹெண்டர்சன் வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை.

இரண்டாவது மூலை நம் நாடு. திரங்கானு மாநிலம், பெசுட் மாவட்டம். அதே 2005.

அங்கே உலு பெசுட் பகுதியில் அரிஃபின் முகமட் என்ற பெரியவர் ஒரு சமூகக் குடியிருப்பை நடத்திவந்தார். சீடர்கள் அவரை அயாஹ் பின் என்பார்கள். அயாஹ் என்றால் மலாயில் அப்பா. எல்லா மதங்களும் ஒரே இறைவனிடம் போய்ச் சேர்கின்றன என்பது அவர் பேச்சின் சாரம். குடியிருப்புக்கு வானரசு என்று பெயர். அங்கே பாலேட்டு நிறத்தில், இரண்டு மாடி உயரத்தில் ஒரு தேநீர்க் கெண்டி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஜாடி. கெண்டியின் மூக்கிலிருந்து ஜாடிக்குள் தண்ணீர் விழும். வானத்திலிருந்து மனிதர்மேல் பொழியும் அன்பும் தூய்மையும் அது என்றார்கள். ஒரு பெரிய குடையும் ஒரு படகும்கூட அங்கே இருந்தன. கெண்டி என்ற சொல் நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் பொதுவானது. மூக்கு வைத்த பாத்திரத்தைத் தமிழிலும் கெண்டி என்கிறோம், மலாயிலும் கெண்டி என்கிறார்கள். இரண்டு வீட்டுச் சமையலறையிலும் இருந்த பொருள். அதை இரண்டு மாடி உயரத்துக்குப் பெரிதாக்கினால் கோயில்.

சீடர்களில் பலர் முஸ்லிம்களாகப் பிறந்தவர்கள். மாநிலச் சமய அதிகாரிகள் இந்தப் போதனையை வழிதவறியது என்று அறிவித்திருந்தார்கள். 2005 ஜூலையில் ஒரு நாள் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று குடியிருப்புக்குள் புகுந்து தீ வைத்தது. இரண்டு நாளில் அதிகாரிகள் வந்தார்கள். கைதானவர்கள் தாக்கப்பட்ட சீடர்கள், ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள். ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறந்த வேளையில் இயந்திரங்கள் வந்து கெண்டியையும் குடையையும் இடித்துத் தள்ளின. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் நிலச் சட்டம். அனுமதியில்லாமல் கட்டிய கட்டடங்களாம்.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். தேநீர்க் கெண்டி வழிபாட்டுக் கூட்டம் என்று தலைப்புப் போட்டார்கள். வாசகர்கள் மீ பூதத்துக்குச் சிரித்த அதே சிரிப்பைக் கெண்டிக்கும் சிரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ரகம்தானே. ஒருத்தன் ஸ்பகெட்டியைக் கும்பிடுகிறான், இன்னொருத்தன் டீ கெண்டியைக் கும்பிடுகிறான். ஆனால் ஒருவர் விளையாட்டுக்குக் கும்பிட்டார், மற்றவர்கள் மனதாரக் கும்பிட்டார்கள். விளையாடியவருக்குப் புத்தக ஒப்பந்தம் கிடைத்தது. மனதாரக் கும்பிட்டவர்களுக்குக் கிடைத்தது வழக்கும் சிறையும்.

அந்தச் சீடர்களில் ஒருவர் கமாரியா அலி, முன்னாள் ஆசிரியை. இஸ்லாத்தை விட்டுவிட்டதாக அவர் வெளிப்படையாக அறிவித்தவர். 2008 மார்ச்சில் திரங்கானு ஷரியா நீதிமன்றம் மதம் மாறிய குற்றத்துக்காக அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. அயாஹ் பின் 2016இல் இறந்தார்.

ரஸ்ஸல் சொன்ன மனநல மருத்துவரும் மத விசாரணை அதிகாரியும் ஞாபகம் இருக்கட்டும். அவருடைய கற்பனையில் கெண்டியை நம்பாதவன் விசாரணைக்குப் போனான். பெசுட்டில் நம்பியவர்கள் போனார்கள். கெண்டி ஒன்றுதான், அதிகாரி நிற்கும் பக்கம்தான் மாறியிருக்கிறது.

கேலி மதத்தின் கதை இதற்குப் பிறகு நீதிமன்றங்களுக்குப் போகிறது. ஆஸ்திரியாவில் ஒருவர், கார் ஓட்டும் உரிமத்துக்கான படத்தில் தலையில் வடிகட்டியோடு இருப்பேன், என் மதம் அப்படி என்று அடம்பிடித்தார். மூன்று ஆண்டு இழுபறி. நடுவில் வண்டி ஓட்டும் அளவுக்கு மனநிலை சரியாக இருக்கிறதா என்று மருத்துவப் பரிசோதனை வேறு. ரஸ்ஸல் சொன்ன மனநல மருத்துவர் இங்கே ஆஜர். 2011இல் உரிமம் கிடைத்தது. முகம் மறையாமல் தெரிகிறது, அதனால் கொடுத்தோம், மதத்துக்காகக் கொடுக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். நியூசிலாந்து இன்னும் தாராளம். திருமணம் நடத்திவைக்கும் உரிமையையே ஸ்பகெட்டிச் சபைக்குக் கொடுத்துவிட்டது. 2016 ஏப்ரலில் அகரோவா என்ற ஊரில், படகில், கொள்ளையர் வேடத்தில் முதல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தலையில் வடிகட்டி.

அதே மாதம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வேறு தீர்ப்பு. சிறைக்கைதி ஒருவர் ஸ்பகெட்டி மதச் சலுகைகள் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். இது மதம் அல்ல, பகடி, அறிவியல் பாடம் பற்றிய ஒரு வாதத்துக்காக உருவானது என்று கூட்டரசு நீதிபதி தள்ளுபடி செய்தார். 2018இல் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம், அடையாள அட்டையில் வடிகட்டி அணிந்த படம் கேட்ட ஒரு சட்ட மாணவியிடம், உங்கள் மதத்தில் தீவிரம் போதாது என்றது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2021இல் அங்கும் அதே பதில். ஒரு நம்பிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்கு வலு, தீவிரம், ஒத்திசைவு, முக்கியத்துவம் எல்லாம் ஓரளவுக்காவது இருக்க வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் அளவுகோல்.

அளவுகோலில் தப்பில்லை. நீதிபதி வேறு என்னதான் செய்வார்? நம்பிக்கை உண்மையா பொய்யா என்று அவர் பார்க்க முடியாது. பார்க்கப் போனால் உலகத்தில் எந்த மதமும் தப்பாது. அதனால் நம்புகிறவன் மனதார நம்புகிறானா என்று பார்க்கிறார். ஆனால் இதே அளவுகோலைப் பெசுட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கெண்டிக்காரர்களிடம் தீவிரம் இருந்தது. அதற்காகச் சிறைக்கே போனார்கள். ஹேக் நகரில் தீவிரம் இல்லை என்று ஒரு தெய்வம் தள்ளுபடியானது. பெசுட்டில் தீவிரமாக இருந்ததாலேயே ஒரு தெய்வம் இடிபட்டது. 'இது மதமா?' என்ற கேள்வியைக் கேட்கும் இடத்தில் இருப்பவர் யார், பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர் யார் என்பதைப் பார்க்காமல், கெண்டியையும் ஸ்பகெட்டியையும் மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானது இல்லை. மறுபடியும் புகையிலைக்கே வருகிறேன்.

தோட்டப் புறங்களில் விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். பசியை மறக்க, குளிரை மறக்க, தூக்கத்தை மறக்க அது. லயத்துக்கு வெளியே, காட்டு ஓரத்தில், ஒரு மரத்தடியில் ஒரு கல் இருக்கும். அது முனியாண்டி. சிவப்புத் துணி, ஒரு சூலம். முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பார்கள், சாராயம் வைப்பார்கள். ஏன் சுருட்டு என்று நான் சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டபோது, ‘நமக்கு எது ஒசத்தியோ அதத்தான் சாமிக்கு வைக்கணும்’ என்றார். சீனிச்சர்க்கரைப் புலவரைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் புகையிலைக்குத் தேவலோகத்தில் இடம் உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. புலவர் சிரித்துக்கொண்டே செய்ததை என் பாட்டி சிரிக்காமல் செய்தார்.

தோட்டத்துக் கல்லுக்கு நிலப்பட்டா ஏது? கம்பெனி நிலம், துரையின் வாய்மொழி அனுமதி. 1950களிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. சனங்கள் போனார்கள், கல் அங்கேயே இருந்தது. நில உரிமை கைமாறியதும், மூன்று தலைமுறை கும்பிட்ட கோயில் ஒரே நாளில் அனுமதியில்லாத கட்டடம் ஆனது. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பல்லாயிரம் பேர் திரண்டதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். பாடாங் ஜாவாவில் உடைத்தபோது கேட்டதும் பெசுட்டில் கேட்ட அதே வாசகம்தான். அனுமதி இல்லை.

இரண்டும் ஒரே வழக்கு என்று நான் சொல்லவில்லை. பெசுட்டில் இருந்தது முஸ்லிம்களுக்குள் யார் முஸ்லிம் என்ற பிரச்சினை. பாடாங் ஜாவாவில் இருந்தது நிலமும் இனமும். ஆனால் நிலச் சட்டத்தின் பார்வையில் கெண்டியும் மாரியம்மனும் பக்கத்துப் பக்கத்துக் கோப்புகள். 2005இல் கெண்டி இடிந்தபோது அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்த தமிழர்கள் நிறையப் பேர். ‘டீ கெண்டியப் போயி கும்புட்டானுங்களாம்’ என்று சாப்பாட்டுக் கடைகளில் பேசிக்கொண்டோம். கல்லையும் சூலத்தையும் பார்த்து வேறொரு கடையில் வேறு யாரோ அதேபோலப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கேள்வியை நமக்கு வெளியில் இருப்பவர்கள் மட்டும் கேட்பதில்லை. படித்து, வீடு வாங்கி, கோயில் நிர்வாகத்துக்கு வந்த நம்மவர்களே முனியாண்டியிடம் முதலில் கேட்டார்கள். சுருட்டு எதுக்கு, சாராயம் எதுக்கு, மத்தவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? இப்படிக் கேட்டுக் கேட்டு, பல இடங்களில் முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். கல்லுக்குப் பதில் சிலை, பூசாரிக்குப் பதில் ஐயர், சுருட்டுக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல். அங்கே யாரும் எதையும் இடிக்கவில்லை. ஆனால் அதிகாரி கேட்ட அதே கேள்வியைத்தான் நாமும் கேட்டோம். இது ஒரு மதமா, இது ஒரு படையலா என்று. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்து எப்போதும் கேட்கும் கேள்வி அது. கீழே இருப்பவன் மேலே பார்த்துக் கேட்டால் அதற்குக் கேலி என்று பெயர்.

அதனால்தான் எனக்குக் கேலி மதங்கள்மேல் மரியாதை உண்டு. ஹெண்டர்சன் கேள்வியைத் திருப்பிப்போட்டார். கல்வி வாரியம் என்ற அதிகாரத்தைப் பார்த்து, என் மீ மதம் இல்லையென்றால் உங்கள் வடிவமைப்பாளர் மட்டும் எப்படி அறிவியல் ஆனார் என்று கேட்டார். அப்படிக் கேட்க ஒரு இடம் அவருக்கு இருந்தது. சீனிச்சர்க்கரைப் புலவருக்கும் இருந்தது. மும்மூர்த்திகளை வழக்காட வைத்து, அதில் புகையிலைக்காரனை ஜெயிக்க வைத்து, அதைப் பழனி முருகன் சந்நிதிக்கே கொண்டுபோக முடிந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். ஒரு சமூகத்தின் பக்திக்குள் இந்த அளவு விளையாட இடம் இருந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இன்று அதே நூலை ஒருவர் புதிதாக எழுதினால் நம்முடைய சங்கங்களில் எத்தனை போலீஸ் புகார் கொடுக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

2001இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிக்கணக்கு எடுத்தபோது, மதம் என்ற இடத்தில் சுமார் 3,90,000 பேர் 'ஜெடாய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். திரைப்படத்தில் ஒளிவாள் சுழற்றும் வீரர்களின் பெயர். கணக்கெடுப்புத் துறை அதை எண்ணிப் பார்த்து, அத்தனை பேரையும் மதமற்றவர் பட்டியலில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

நம்முடைய பாரங்களிலும் 'அகாமா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இஸ்லாம், புத்தம், இந்து, கிறிஸ்துவம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் 'லாயின்-லாயின்', அதாவது மற்றவை. சுருட்டுப் பிடிக்கும் முனியாண்டி, இந்து என்ற கட்டத்துக்குள் தலையைக் குனிந்து நுழைந்துகொண்டார். மீ பூதத்துக்கு இங்கே கட்டம் தேவைப்படவில்லை. 'மற்றவை' என்ற கட்டம் பாரத்தில் இருந்தும், பெசுட்டின் கெண்டிக்காரர்கள் அதில் கோடு போட அனுமதிக்கப்படவில்லை.